தம்பி பூட்டிய வங்கி

என் தம்பிக்கு வட்டார வங்கிக் கண்காணிப்பு அலுவலகத்தில் வேலை. எந்த வங்கி உருப்படும், எது மண்ணைக் கவ்வும் என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். தெரிந்து என்ன? வீட்டில் மூச்சு விடமாட்டான். "வாயத் தொறந்தா முத்தா உதிர்ந்துடும்?" என்று என் வீட்டுக்காரர் சீண்டுவார். "முத்து உதிராது மாமா, வேலை போயிடும்" என்பான்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் அவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தான். அவருக்கு இதயத்தில் அடைப்பு. செவ்வாய்க்கிழமை காலை ஆபரேஷன். முதல் நாளே முழுப் பணத்தையும் கட்டிவிட வேண்டும்.

"பணத்துக்குக் கவலை இல்லடா. பேங்க்ல இருக்கு. திங்கக்கிழமை போய் எடுத்துக்கறேன்" என்றேன்.

அவன் முகம் செத்துப்போயிற்று. வேலை அலுப்பு என்று நினைத்தேன், பாவி. போர்வைக்கு வெளியே கிடந்த மாமாவின் காலை மூடிவிட்டு, "வர்றேன்க்கா" என்று கிளம்பிவிட்டான்.

அன்று சாயங்காலம் டிவியில் பார்க்கிறேன், என் வங்கியின் கதவைப் பூட்டி அறிவிப்பு ஒட்டுகிறார்கள். ஒட்டுகிறவர்களில் என் தம்பியும் ஒருவன். மறு உத்தரவு வரும்வரை யாரும் பணம் எடுக்க முடியாதாம். உடனே போன் போட்டுக் கத்தினேன்.

"மதியம் பேங்க் தொறந்துதானேடா இருந்துச்சு! 'இன்னிக்கே எடுத்துடுக்கா'ன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொன்னா நீ ஓடுவ. உன்னப் பாத்து இன்னும் நாலு பேர் ஓடுவாங்க. பொழுது சாயறதுக்குள்ள எல்லா பேங்க் வாசல்லயும் கூட்டம் நிக்கும்க்கா. நல்லா இருக்கற பேங்க்கும் படுத்துடும்." குரல் உடைந்தது. "என் பணமும் அங்கதான் இருக்கு. விஷயம் தெரிஞ்சவங்க சொந்தக் கணக்கத் தொடக்கூடாது. நான் தொடல."

அட மடையா! நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

கையில் காசில்லாமல் தம்பி நாயாய் அலைந்தான். கடன் கேட்டான், பெண்டாட்டி நகையை விற்றான். பணம் கட்டாததால் ஆபரேஷனைத் தள்ளி வைத்தார்கள், நாசமாய்ப் போகிறவர்கள். புதன்கிழமை பணத்தோடு ஓடி வந்தான். செவ்வாய் சாயங்காலமே அவர் போய்விட்டார்.

வேறு எந்த வங்கியும் விழவில்லை. எங்கள் வங்கியைப் பெரிய வங்கி ஒன்று எடுத்துக்கொண்டது. அடுத்த மாதமே என் பணம் குறையாமல் வந்து சேர்ந்தது. "உங்க தம்பி ஆபீஸ்காரங்க கெட்டிக்காரங்கம்மா, யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்ல" என்றார் எதிர்வீட்டுக்காரர். அவரிடம் நான் என்னத்தைச் சொல்ல?

பிறகு ஒருநாள் தம்பி வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"ஏதாவது திட்டுக்கா. சும்மா இருக்காத."

"திட்டறதுக்கு என்னடா இருக்கு? நீ செஞ்சது சரிதான். எனக்கே தெரியுது" என்றேன். "ஆனா உன் மூஞ்சியப் பாக்க முடியல. இனிமே வராத."

தலையை ஆட்டினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனான். நான் கூப்பிடவில்லை. எனக்கென்று மிச்சம் இருந்தது அவன் ஒருவன்தான்.