சிலையில் நிற்பவன்

திரையை இழுத்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா மட்டும் என் பக்கத்தில் நின்ற சின்னத் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மறுபடியும் சிலையைப் பார்த்தாள்.

போன வருடம் போரில், இருபத்திரண்டு வயதில் செத்தவன் பெரிய தம்பி. சிலையில் நிற்பவன் சின்னவன்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. பெரியவனுக்கு இருந்தது ஒரே ஒரு அடையாள அட்டைப் படம். அதில் திருதிருவென்று விழித்துக்கொண்டிருப்பான். இதை வைத்து மூக்கைக்கூடச் செய்ய முடியாது என்று சிற்பி உதட்டைப் பிதுக்கினார். அண்ணன் தம்பிக்கு ஒரே ஜாடைதானே, இளையவனை உட்கார வையுங்கள் என்று நினைவுக் குழுத் தலைவர் சொல்லிவிட்டார். சின்னவனும் அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு வாரம் போய் உட்கார்ந்தான். தோளுக்கு அளவெடுக்கிறார்கள் என்று நினைத்தேன். நான் தையல்காரி, என் புத்தி அப்படித்தான் போகும்.

தலைவருக்கு டைல்ஸ் கடை. சிலைக்கு அடியில் பளபளக்கும் கல் தன்னுடைய உபயம் என்று மைக்கில் மூன்று முறை சொன்னார். வீரம், மண், ரத்தம் என்று முழங்கி முடித்து, இந்தத் தாய் இளைய மகனையும் படைக்கு அனுப்பத் தயாராக இருக்கிறாள் என்று அறிவித்தார். அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. அவர் பெற்ற பிள்ளை மேடைக்குப் பின்னால் ஏசி காரில் உட்கார்ந்திருந்தான், வெயில் ஆகாதாம். எனக்கு வயிறு எரிந்தது.

கைதட்டலில் உச்சி குளிர்ந்துபோன சின்னவன் கையைத் தூக்கிக் காட்டினான். அதுதான் இன்னும் எரிச்சல்.

அம்மா மருத்துவமனையில் துணி துவைக்கிறவள். அதிர்ந்து பேச மாட்டாள். அவள் விறுவிறுவென்று மேடை ஏறியதும், நன்றி சொல்லத்தான் வருகிறாள் என்று தலைவர் மைக்கை நீட்டினார்.

"இது என் சின்னப் பையன். உயிரோட இருக்கான். யாரைக் கேட்டு இவனுக்குச் சிலை வச்சீங்க?"

தலைவர் அசடு வழிந்தார். "முகத்தைத்தானேம்மா, அப்புறமா மாத்திக்கலாம்."

"எதுக்கு மாத்தணும்? இவனையும் கொன்னுட்டா அந்தச் செலவு மிச்சம்னுதானே கூப்பிடுறீங்க?"

சின்னவன் அப்போதுதான் சிலையை ஒழுங்காக நிமிர்ந்து பார்த்தான். தூக்கிய கை தானாக இறங்கியது. அதை எட்டிப் பிடித்தேன்.

வலிக்குதுக்கா என்றான்.

வலிக்கட்டும்.