நான்காம் மாடிக் கசிவு

மூன்றாம் மாடிப் பல் டாக்டரின் கூரையில் முதலில் தேநீர் நிறத்தில் ஒரு கறைதான் தெரிந்தது. வெள்ளையடித்து மறைத்தார்கள். அடுத்த மாதம் அது தட்டளவு ஆனது. பிறகு கூரைப் பலகை உப்பி, பூஞ்சை வாடை கிளம்பி, ஒரு திங்கட்கிழமை காலையில் பொத்தென்று விழுந்தது. நல்லவேளை, நாற்காலியில் யாரும் இல்லை.

"வாயத் திறங்கன்னு சொன்னா மேல இருந்து தண்ணி சொட்டுது. அப்படியே கொப்பளிச்சிக்கோங்கன்னு சொல்லவா?" என்று டாக்டர் குதித்தார்.

கட்டடத்தின் பிளம்பர் ஏணியில் ஏறிப் பார்த்தார். காரை பெயர்ந்து, துருவேறிய கம்பிகள் பல்லை இளித்தன. பல மாதக் கசிவு. மேலே இருப்பது, பூட்டிக் கிடக்கும் மொழிபெயர்ப்பு அலுவலகம்.

அங்கே மொழிபெயர்ப்பாளராக ஒரு பெண் வேலை பார்த்தாள். போன வருடம், தேநீர் போடும் இடத்தில் குழாய் கசிகிறது என்று கூப்பிட்டாள். இவர் வேலை பார்க்கும்வரை பக்கத்திலேயே நின்று, ஒரு சொல்லுக்கு எத்தனை அர்த்தம் என்றெல்லாம் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். இணைப்பை மாற்றினால் தொல்லை தீர்ந்துவிடும். தீர்ந்துவிட்டால் மறுபடி எதற்குக் கூப்பிடுவாள்? வெறும் டேப்பைச் சுற்றி, "பதினஞ்சு நாள் தாங்கும், அப்புறம் வந்து பார்க்கிறேங்க" என்றார்.

அந்த வாரமே அம்மாவின் அறுவை சிகிச்சைக்காக விடுப்பில் போனார். திரும்பி வந்தபோது அலுவலகம் காலி. உள்ளே போக அவருக்கு மனம் வரவில்லை.

இப்போது கட்டட மேலாளர் பூட்டைத் திறந்தார். தரைக் கற்கள் எழும்பியிருந்தன. அலமாரி ஊறிப் பிளந்திருந்தது. நைந்த டேப்பின் வழியே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"என் தப்புங்க. அன்னிக்கே மாத்தியிருக்கணும்."

"நீயா? உன் வேலையில ஒரு குறை சொல்ல முடியாதேப்பா!"

பிளம்பர் தலையைக் குனிந்துகொண்டார். "டாக்டர் கூரையையும் லீவு நாள்ல வந்து நானே சரி பண்ணிடறேங்க."

வால்வை மூடி, புது இணைப்பைப் பொருத்தினார். பத்து நிமிட வேலை.

தரையைத் துடைக்க வந்த துப்புரவுக்காரம்மா சொன்னாள்: "இங்க இருந்தாங்களே, அந்த அக்கா, காலி பண்ற அன்னிக்கு உங்கள ரெண்டு தடவை தேடினாங்கண்ணே. நீங்க வந்ததும் சொல்லணும்னு இருந்தேன், மறந்தே போச்சு."

"குழாய்க்கா?"

"கேட்டேனே. குழாய் நல்லாதான் இருக்குன்னாங்க."

"எங்க போறாங்கன்னு சொன்னாங்களா?"

"இல்லண்ணே."

ஈரம் காய இன்னும் ஒரு மாதமாவது ஆகும். பிளம்பர் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார். கீழே தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.