பெயர்ப் பட்டியலில் நியூமேன்

பார்லோ ஃபால்ஸ் ஊரில் ஞாயிற்றுக்கிழமை காசு வாங்கிக்கொண்டு பந்து விளையாடினால் போலீஸ் பிடிக்கும். அதனால் நூல் மில்காரர்கள் சாமர்த்தியமாக ஒரு வேலை செய்திருந்தார்கள். உடை மாற்றும் கொட்டகையை மாசசூசெட்ஸில் கட்டிவிட்டு, அங்கிருந்து இருபது தப்படி தள்ளி, மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், ரோட் ஐலண்டில் மைதானம் போட்டார்கள். நடுவில் வெள்ளையடித்த ஒரு கல். கல்லுக்கு இந்தப் பக்கம் பந்தை உதைத்தால் குற்றம், அந்தப் பக்கம் உதைத்தால் லீக் ஆட்டம். மங்கோ கில்ஃபிலன் அந்தக் கல்லைத் தாண்டும்போதெல்லாம் தொப்பியைத் தூக்கி வணக்கம் வைப்பார்.

கில்ஃபிலன்தான் கிளப்பின் செக்ரட்டரி. வயது ஐம்பத்திரண்டு. அவருடைய வலது முழங்கால் மடங்கும் சத்தம் நான்கு தெரு தள்ளிக் கேட்கும், நாய்கள் எழுந்து உட்காரும். ஸ்காட்லாந்திலிருந்தும் லங்காஷயரிலிருந்தும் பதினோரு பேரைக் கப்பலேற்றி வரவழைத்து, மில்லில் பெயருக்கு ஒரு வேலையும் ஞாயிறுதோறும் ஆட்டமும் வாங்கிக் கொடுத்தவர் அவர். 1923 அக்டோபரில் லீக்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இன்னொரு முறை பத்து பேரோடு இறங்கினால் கிளப்பின் பெயரை அடித்துவிடுவோம் என்று. கிளப் போனால் மில்லில் அந்தப் பதினோரு பேரின் வேலையும் போகும். எவனுக்கும் நூல் சுற்றத் தெரியாது.

கடிதம் வந்த வாரமே இடது ஓரத்தில் ஆடும் ஹாஸ்லமுக்குக் கணுக்கால் வீங்கியது.

"பூசணிக்கா மாதிரி இருக்கு," என்றான் கோல்கீப்பர் கிராப்ட்ரீ, ஹாஸ்லமின் காலைப் பார்த்து. "இத வச்சு நடக்கவே முடியாது. என்ன பண்ணப் போறீங்க, செக்ரட்டரி?"

"நியூமேன்னு எழுதப் போறேன்."

ஸ்காட்லாந்துப் பக்கம் அது வழக்கம். புதிதாக ஒருவனை ஆட வைத்துப் பார்க்கும்போது, வேறு கிளப் கொத்திக்கொண்டு போய்விடக் கூடாது என்று உண்மைப் பெயரை மறைத்து, பட்டியலில் நியூமேன் என்று போடுவார்கள். புது ஆள் என்று அர்த்தம். மூன்று ஆட்டம்வரை அப்படி ஓட்டலாம், அதற்குப் பிறகு கிளப்பில் முறைப்படி பதிய வேண்டும். அப்படி ஒரு மனிதனே கிடையாது என்று அங்கே பால்காரனுக்குக்கூடத் தெரியும். கில்ஃபிலனின் திட்டம் எளிமையானது. சட்டையை மாட்டிக்கொண்டு நியூமேனாகத் தானே போய் ஒரு மூலையில் நின்றுவிடுவது.

ஆனால் நடுவர் விப்பிள் அமெரிக்காவில் பிறந்தவர், பேஸ்பால் பைத்தியம். அவருக்கு இந்தச் சங்கதியெல்லாம் தெரியாது. பள்ளிக்கூட வாத்தியார் போல மைதானத்தின் நடுவில் நின்று ஒவ்வொரு பெயராகச் சத்தமாகப் படிப்பார்.

"நியூமேன்?"

கில்ஃபிலன் வாயைத் திறப்பதற்குள், தூரத்துக் கோட்டுப் பக்கமிருந்து, ஆற்று மூடுபனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"இருக்கேன்."

ஒல்லியாக ஒருவன் வந்து நின்றான். கிளப்பின் நீலச் சட்டையே போட்டிருந்தான். இருந்த பதினோரு சட்டையில் பத்து ஆட்டக்காரர்கள் மேலும், ஒன்று கில்ஃபிலன் மேலும் இருந்தது. அவன் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, புல் நசுங்காமல் ஓடினான். அவன் உதைத்தால் பந்தில் சத்தமே வராது, வலை மட்டும் பின்னால் போகும். நான்கு கோல். இடைவேளையில் எல்லோரும் கல்லைத் தாண்டிக் கொட்டகைக்குப் போய் டீ குடித்து இறைச்சிப் பணியாரம் தின்றார்கள். அவன் மட்டும் கல்லுக்கு அந்தப் பக்கமே நின்று, அவர்கள் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாப்பா, சூடா இருக்கு," என்று கூப்பிட்டார் கில்ஃபிலன்.

"பேர் பதிஞ்சப்புறம் வரேன்," என்றான் அவன்.

மறுவாரம் ஹாஸ்லமின் வீக்கம் வடிந்துவிட்டது. கிராப்ட்ரீ பந்தை அவன் காலடியில் உருட்டினான். ஹாஸ்லம் குனிந்து எடுத்து, தட்டிப் பார்த்து, முகர்ந்தான்.

"இதுக்குள்ள என்ன இருக்கு?"

"ஒன் மூளை இருக்கு. ஒதைடா."

"எதுக்கு ஒதைக்கணும்?" என்றான் ஹாஸ்லம், நிஜமாகவே தெரியாமல்.

எல்லோரும் சிரித்தார்கள். கில்ஃபிலனும் சிரித்தார். சிரித்துவிட்டு நியூமேன் என்று எழுதினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நாலு கோலின் ருசி நாக்கில் ஒட்டியிருந்ததே! பின்வரிசையில் ஆலரன்ஷா என்று ஒருவன் இருந்தான், மாடு திரும்புகிற வேகத்தில் திரும்புவான். அவனை உட்காரவைத்துவிட்டு அவன் இடத்திலும் நியூமேன் என்று எழுதினார். விப்பிள் இரண்டு முறை படித்தார். இரண்டு குரல் வந்தது. ஏழு கோல்.

மூன்றாம் ஞாயிறு இன்னும் இருவரை உட்காரவைத்தார். நான்கு நியூமேன்கள். பதிமூன்று கோல். கடைசிக் கோலுக்குப் பின் எதிர் டீமின் கோல்கீப்பர் ஆட்டம் முடியும் முன்பே டிராமைப் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டானாம். ஊரே தோளில் தூக்கிக் கொண்டாட வந்தது. நான்கு பேரும் கல்லுக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்றார்கள். சட்டையில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. நான்கு முகத்தையும் தனித்தனியே பார்க்கும்போது வேறு வேறாக இருந்தது. பார்வையை எடுத்ததும் ஒன்றுகூட ஞாபகத்தில் நிற்கவில்லை.

"மூணு ஆட்டம் முடிஞ்சுது, செக்ரட்டரி," என்றான் முதலாமவன். "அடுத்த வாரம் பதிவு பண்ணணும். எங்க தங்கறது?"

புது ஆட்டக்காரர்களுக்கு வேறு இடம் கிடைக்கும்வரை செக்ரட்டரி வீட்டு மாடியறைதான் என்பது கிளப் வழக்கம்.

"எங்க வீட்டு மாடியில ரெண்டு கட்டில்தான் கெடக்கு," என்றார் கில்ஃபிலன்.

"அது பத்தாது. இன்னும் ஏழு பேர் இருக்கோம்."

கில்ஃபிலன் நான்கோடு ஏழைக் கூட்டிப் பார்த்தார். பிறகு கூட்டாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தார்.

புதன்கிழமை மில்லில் ஹாஸ்லம் அவரைத் தேடி வந்தான். அவன் சாதாரணமாக வந்தால், 1919இல் முப்பது கஜத்திலிருந்து அடித்த கோலைத் தொண்ணூறு கஜமாக நீட்டிச் சொல்லாமல் போகமாட்டான். அன்று தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"ஃபோர்மன் கேக்கறாரு, ஒன்ன எதுக்குய்யா வேலைக்கு வச்சிருக்குன்னு. எனக்குத் தெரியல. ஒங்களுக்குத் தெரியுமா?"

"நீ இடது ஓரம்டா."

"எதுக்கு இடது ஓரம்?"

அவன் கண்ணில் கிண்டல் இல்லை. துடைத்துவிட்ட பலகை மாதிரி இருந்தது. நியூமேனுக்காக உட்காரவைத்த மற்ற மூவரும் அப்படியேதான் என்று அன்று சாயங்காலத்துக்குள் தெரிந்தது. ஆலரன்ஷா, இந்த ஊருக்கு ஏன் வந்தோம் என்றே விளங்கவில்லை என்று சொல்லி, ரயிலேறி வேறு ஊர்ப் பழக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டான்.

கிராப்ட்ரீ இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே வந்து கதவைத் தட்டினான். "அடுத்தது என்னை உக்கார வைப்பீங்களா, செக்ரட்டரி? சொல்லிட்டா நல்லது. எனக்குக் கோல் போஸ்ட்டத் தவிர வேற சொத்து இல்ல."

கில்ஃபிலன் பட்டியலை எடுத்தார். மீதமிருந்த ஏழு பேரின் பெயரை எழுதினார். மறந்துபோன மூவரின் பெயரை எழுதினார். பதினோராவதாகத் தன் பெயரை எழுதினார்.

"கிழவா, செத்துருவ," என்றான் கிராப்ட்ரீ, மரியாதையை மறந்து.

"தோத்தா கிளப் போகாது. ஆள் கொறஞ்சாத்தான் போகும்."

ஞாயிறு மதியம் விப்பிள் பட்டியலைப் படித்து முடித்து, காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் வாடிவிட்டது.

"என்ன இது, நம்ம நியூமேனைக் காணோம்?"

"இருக்கேன்," என்றது கோட்டுப் பக்கம். "இருக்கேன்," என்றது கோல் போஸ்ட்டுக்குப் பின்னால். சுற்றிச் சுற்றிப் பதினோரு முறை வந்தது. மூடுபனி விலகியபோது பதினோரு பேரும் கோட்டை ஒட்டி நின்றார்கள். கால் நுனி சுண்ணாம்பைத் தொடவில்லை.

"பேப்பர்ல இருக்கிற பேர மட்டும் படிங்க, மிஸ்டர் விப்பிள்," என்றார் கில்ஃபிலன்.

"சரி, சரி. ஆனா உங்க ஆள் யாராவது வெளிய போனா, பாவம், இவங்கள்ல ஒருத்தரை உள்ள விட்டுடறேன். பேஸ்பால்ல அப்படித்தான்." காதிலிருந்து பென்சிலை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார் அந்த நல்ல மனிதர்.

ஆட்டம் ஆரம்பித்தது. அதை ஆட்டம் என்று சொன்னால் பந்து கோபித்துக்கொள்ளும். மறந்துபோன மூவரில் ஒருவன் பந்து வந்தால் வழிவிட்டு நின்றான். இன்னொருவன் அதைக் கையில் எடுத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் கொண்டுபோய்க் கொடுத்தான். ஹாஸ்லம் இடது ஓரத்தில், நிற்கச் சொன்ன இடத்தில், தபால்பெட்டி போல நின்றான். அவனுக்கு இரண்டடி பின்னால் முதலாம் நியூமேன் நின்றான்.

இடைவேளைக்குள் ஒன்பது கோல் வாங்கியாகிவிட்டது. கில்ஃபிலன் யாரையும் கொட்டகைக்குப் போக விடவில்லை. டீயை வாளியில் கொண்டுவரச் சொல்லி மைதான நடுவில் நின்றே குடித்தார்கள்.

அறுபதாவது நிமிடம் அவருடைய முழங்கால் போயிற்று. விழுந்தார். விப்பிள் பென்சிலோடு ஓடி வந்தார். கோட்டருகே பதினோரு பேரும் ஒரே நேரத்தில் ஒரு காலைத் தூக்கினார்கள்.

"வெளிய போறீங்களா?"

"படுத்துக்கிட்டு ஆடக் கூடாதுன்னு சட்டத்துல இருக்கா?"

விப்பிள் யோசித்தார். இல்லை. பதினோரு காலும் மெதுவாகக் கீழே இறங்கின.

அதற்குப் பிறகு கில்ஃபிலன் கையை ஊன்றித் தவழ்ந்தே ஆடினார். பதினாலு கோல் என்றார்கள். இருபதாகவும் இருக்கலாம், எண்ணுகிறவர்களே களைத்துப் போனார்கள். எண்பதாவது நிமிடத்தில் எங்கிருந்தோ உருண்டு வந்து பந்து அவர் மூக்கில் முட்டி நின்றது. அதை என்ன செய்வது என்று அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இடது ஓரத்திலிருந்து காறித் துப்பியது போல ஒரு சத்தம்.

"யோவ் கெழட்டு ஆடே! பந்த மேஞ்சுக்கிட்டா இருக்க? இங்க தள்ளு!"

ஹாஸ்லம். முகம் சிவந்து, இரண்டு கையையும் வீசிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கில்ஃபிலன் தலையாலேயே பந்தை முட்டினார். ஹாஸ்லம் ஓடினான், ஒருவனைத் தாண்டினான், தொண்ணூறு கஜத்திலிருந்தோ முப்பதிலிருந்தோ உதைத்தான். பந்து 'தம்' என்று அலறிக்கொண்டு கோலுக்கு மேலே, கூட்டத்துக்கு மேலே, கொட்டகைக் கூரைக்கு மேலே போய் மாசசூசெட்ஸில் விழுந்தது.

"காத்துய்யா," என்றான் ஹாஸ்லம். "காத்து இழுத்துருச்சு. 1919ல அடிச்சனே, அப்ப இந்தக் காத்து இல்ல."

காற்று அசையவே இல்லை. கில்ஃபிலன் மண்ணில் கிடந்தபடியே தலையைத் திருப்பி இடது ஓரத்துக் கோட்டைப் பார்த்தார். அங்கே யாருமில்லை. மைதானத்தைச் சுற்றி நின்ற நியூமேன்களை ஒவ்வொருவராக எண்ணினார். பத்து. சந்தேகத்துக்கு இன்னொரு முறை எண்ணினார். பத்துதான்.

பந்தைத் தேடி எடுத்துவர ஆள் போயிருந்தது. இன்னும் எட்டு நிமிடம் பாக்கி. மறந்துபோனவர்கள் இன்னும் இரண்டு பேர் மைதானத்தில் இருந்தார்கள்.

"கிராப்ட்ரீ," என்று கத்தினார் கில்ஃபிலன், "அந்த ரெண்டு பேருக்கும் ஹாஸ்லம் மாதிரி கோவம் வரணும், வாய்க்கு வந்தபடி திட்டு. நிறுத்தாம திட்டு."