மஞ்சள் கொடிக்காரியின் நடை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதுவும் என் மகளின் நடையைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் போதும், அவ்வளவுதான்.

ஷர்மினிக்கு ஒன்பது வயது. பிறவியிலேயே எலும்பு எளிதில் முறிகிற நோய். தும்மி விலா எலும்பு விரிசல் விட்ட காலமெல்லாம் உண்டு. இரண்டு தொடையிலும் உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். காலை அகட்டி, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி, முழுப் பாதத்தையும் தரையில் பதித்துத்தான் நடப்பாள். எங்கள் புந்தோங் வட்டாரத்தில் எந்தக் கடைக்குப் போனாலும் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். நான் அவளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே நடந்து மறைப்பேன்.

எதிர்வீட்டுக் காளியம்மா அக்கா ஒருநாள் கேட்டேவிட்டார். "ஏன் பிரமிளா, புள்ள வாத்து மாதிரி நடக்குது?"

"பாக்க என்னக்கா இருக்கு? ஒங்க வேலையப் பாருங்க லா" என்றேன். அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டு முறுக்கு அந்தப் பக்கம் போகவில்லை.

இந்த வருடம் பள்ளி விளையாட்டுப் போட்டியில், அணிவகுப்புக்கு மஞ்சள் இல்ல அணியின் கொடியை ஷர்மினிதான் பிடிக்க வேண்டும் என்று பிள்ளைகளே கேட்டு வாங்கிவிட்டார்கள். தலைமையாசிரியைக்குப் பயம். "ஆஸ்பத்திரியில நடக்கலாம்னு சொன்னா நடக்கட்டும். இல்லன்னா சக்கர நாற்காலியில ஒக்காந்து பிடிக்கட்டும்" என்றார். ஷர்மினி அன்று சோற்றைத் தொடவில்லை.

"நாற்காலின்னா நான் வரலம்மா. கொடிய வேற யாருக்காச்சும் கொடுத்துறட்டும்."

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியைப் பார்க்கப் போவதற்கே வெளுத்த சட்டை தேடிய பரம்பரை. டாக்டரிடம் போவதென்றால் இன்றைக்கும் கோயிலுக்குக் கிளம்புவது போலத்தான் கிளம்புவோம். ஷர்மினியின் காலுக்குப் புதுச் சப்பாத்து வாங்கி மாட்டிவிட்டேன். போகிற வழியெல்லாம் படித்துப் படித்துச் சொன்னேன். "அங்க கால ஒட்டி வச்சு, நேரா, அழகா நட. அகட்டாத, என்ன?"

ஆஸ்பத்திரியில் நடையைப் பரிசோதிக்கும் அறையில் தரையோடு ஒரு நீளப் பாய் விரித்திருந்தது. மிதிக்கிற அழுத்தத்தை அது கணினிக்குச் சொல்லும். பக்கத்தில் கேமரா. உடற்பயிற்சி சிகிச்சை தரும் கிளாரிசா "வா கண்ணு" என்று கூப்பிட்டார்.

ஷர்மினி முட்டியோடு முட்டி ஒட்டி, சொன்னபடியே நடந்தாள். பாதிப் பாயில் ஆடிப்போனாள். கிளாரிசா பாய்ந்து பிடித்திருக்காவிட்டால் விழுந்திருப்பாள்.

கிளாரிசா கணினியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இப்படி நடந்தா நாற்காலிதான்க்கா. ஆனா போன தடவ இவ இப்படி நடக்கலையே?"

ஷர்மினி என்னைப் பார்த்தாள். "அம்மாதான் அழகா நடக்கச் சொன்னாங்க."

"அலாமாக்! அக்கா, இங்க என்ன பொண்ணு பாக்கவா வந்திருக்காங்க?"

கிளாரிசா குனிந்து புதுச் சப்பாத்தைக் கழற்றினார். "ஒன் நடைய நட கண்ணு."

அவள் நடந்தாள். அகட்டி, பதித்து, அவசரமில்லாமல். பாயின் அந்த முனையில் திரும்பி, சிரித்துக்கொண்டே வந்தாள். ஒரு ஆட்டம் இல்லை.

"இவளுக்கு மூட்டெல்லாம் தளர்வு. கணுக்கால்ல உந்தித் தள்ளுற பலம் கம்மி" என்றார் கிளாரிசா. "அதான் அகட்டுறா, பாதத்த முழுசா வைக்கிறா. யாரு சொல்லிக் கொடுத்தா? விழாம இருக்க அவளே கண்டுபிடிச்ச நடைக்கா இது. இத மாத்தாதீங்க. பழகின சப்பாத்து, லேசான கொடிக்கம்பு, அவ வேகம். நடக்கட்டும்."

நான் ஊருக்கு மறைத்ததெல்லாம் என் பிள்ளையின் கெட்டிக்காரத்தனத்தை. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெருமையாக இருந்தது.

போட்டி நாளன்று வெயில் மண்டையைப் பிளந்தது. சிவப்பு இல்லமும் நீல இல்லமும் மேளத்துக்குச் சரியாக விறுவிறுவென்று போயின. அடுத்தது மஞ்சள். அணிவகுப்பில் கொடியை யாரும் முந்தக்கூடாது. ஷர்மினி பழைய சப்பாத்தில், கொடியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, தன் நடையில் வந்தாள். பின்னால் வந்த பிள்ளைகள் அத்தனை பேரும் மேளத்தை விட்டுவிட்டு அவள் காலைப் பார்த்து அடி எடுத்து வைத்தார்கள். கொஞ்ச நேரம் தடுமாறிய மேளக்காரப் பையனும் வேறு வழியில்லாமல் அவள் காலுக்கே அடித்தான்.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

பேரனைப் பார்க்க வந்திருந்த காளியம்மா அக்கா எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, கொஞ்சம் தயங்கித்தான் கேட்டார். "பிரமிளா, முன்னால வர்றது நம்ம ஷர்மினியா? நீ மறைக்கிற, தெரியல."

"என் மகதான்க்கா" என்றேன். நகர்ந்து இடம் விட்டு, அவர் கையைப் பிடித்து முன்னால் இழுத்தேன். "இங்க வந்து நில்லுங்க. இங்கருந்து பாத்தாதான் அவ நடை நல்லாத் தெரியும்."