பட்டியலில் ஏறாத லோடு வண்டி

வலது கட்டை விரலின் அடிமூட்டு வீங்கிக் கிடந்தது. பச்சையப்பனுக்குக் கழுத்து வலியும் இடுப்பு வலியும் பழக்கம். முப்பது வருஷமாகத் தலையில் கரும்புக் கட்டுகளைச் சுமந்து, லாரியின் பின்னால் சாய்த்த பலகையில் ஏறி இறங்குகிறவனுக்கு அதெல்லாம் வலி என்று சொல்லிக்கொள்ளும்படி இல்லை. இது புது வலி. சோற்றைப் பிசைய விடவில்லை, பீடியைப் பிடிக்க விடவில்லை. கரும்பு செய்த வேலை இல்லை இது. போன் செய்த வேலை.

"ஊர்ப் பசங்கல்லாம் ஆடி முடிச்சி படிக்கப் போயிட்ச்சிங்க. நீ இப்பதான் ஆட ஆரம்பிச்சிகீற" என்றாள் ஜெயம்மா.

"ஆறாவது கட்டம்டி. கொஞ்சம் வாய மூடு."

அது குமரேசனின் போன். ஒரே பிள்ளை. வடபழனியில் ஒரு மாடி அறையில் எட்டுப் பேர் உட்கார்ந்து செல்போனில் ஆடுகிற கேம் செய்துகொண்டிருந்தார்கள். அதில் படம் போடுகிறவன் இவன். கோலத்துக்கு வைப்பதுபோல ஒவ்வொரு புள்ளியாக வைத்துப் போடுகிற படம். அங்கேயே தின்று, அங்கேயே தூங்கி, மஞ்சள் காமாலையோடு ரயிலேறி வந்தான். திருத்தணி ஸ்டேஷனில் இறங்கும்போதே கண் வேப்பம்பழமாக இருந்தது. பதினோரு நாள் கிடந்தான். 2007 ஆடி முடிவதற்குள் போய்விட்டான். இருபத்து நாலு வயசு.

அவன் முழுசாகப் படம் போட்டு முடித்தது ஒரே ஒரு கேம்தான். 'லோடு வண்டி' என்று பெயர். தலையில் துண்டு கட்டின ஆள் ஒருவன் கரும்புக் கட்டைத் தூக்கி லாரியில் போட வேண்டும். கரும்பு காய்வதற்குள் லாரியை மில் கேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். வழியில் பள்ளம், ஆட்டு மந்தை, மூடிக்கொண்டே வருகிற ரயில்வே கேட். நேரம் ஆக ஆகக் கரும்பின் பச்சை மஞ்சளாகும். தீப்பெட்டி அகலத் திரையில் அந்த ஆள் வலது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்துப் பலகையில் ஏறுவான்.

முதலில் கண்டுபிடித்தது ஜெயம்மாதான். "யோவ், இது நீதான்யா. நொண்டிகினே ஏறுது பாரு." சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். தொண்ணூற்று நாலில் பலகையிலிருந்து விழுந்து முழங்கால் போனதிலிருந்து பச்சையப்பன் அப்படித்தான் ஏறுகிறான்.

மொத்தம் ஏழு கட்டம். ஏழையும் முடித்தால் திரை கறுப்பாகி மூன்று பெயர்கள் வரும். நடுவில் இருப்பது குமரேசன். பச்சையப்பனுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் பிள்ளை பள்ளிக்கூட நோட்டு அட்டையிலெல்லாம் எழுதி வைத்திருந்த எழுத்து வரிசை அது என்று தெரியும். நாலு எண்ணுவதற்குள் மறைந்துவிடும். மறுபடி பார்க்க வேண்டுமானால் முதல் கட்டத்திலிருந்து முக்கால் மணி நேரம் ஆட வேண்டும். ஏழு மாசத்தில் மூன்று முறை பார்த்திருக்கிறான். விரல் வீங்காமல் என்ன செய்யும்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை கணேஷ்ராம் வந்தான். குமரேசனோடு திருத்தணியில் ஒன்றாகப் படித்தவன். மலைக்கோயில் மடைப்பள்ளியில் நாலு தலைமுறையாகப் பிரசாதம் செய்கிற குடும்பம்; இவன் மட்டும் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போய்விட்டான். சின்ன வயசில் இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த டிவி கேம் கடையே கதியென்று கிடந்தவர்கள். குமரேசனைப் போலவே பச்சையப்பனை 'நைனா' என்றே கூப்பிட்டுப் பழகியவன். அந்தக் காலத்து கேம் கேசட்டுகளைத் தேடித் தேடி வாங்கி அட்டைப்பெட்டியோடு அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறான். இன்டர்நெட்டில் ஒரு பெரிய பட்டியல் இருக்கிறதாம். உலகத்தில் எந்தெந்த கேம் உண்டு, எவரெவர் அதைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள், அதைச் செய்தது யார், படம் போட்டது யார், எல்லாம் அதில் எழுதியிருக்குமாம். அதைப் பார்த்துக்கொள்கிறவர்களில் இவனும் ஒருத்தன்.

"படம் போட்டவன் பேர்கூட எழுதுவீங்களா?" என்றான் பச்சையப்பன்.

"ஆங், எல்லார் பேரும் இருக்கும் நைனா."

"அப்ப குமரேசன் பேர எழுதிடு."

கணேஷ்ராம் போனைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "போன் கேம் அதுல சேக்கறதில்ல நைனா. கேசட், டப்பா, இப்படிக் கையில எடுத்து அலமாரில வைக்கிற பொருள்தான் கணக்கு. போன் கேம்னா காத்து மாதிரி. போன் போனா அதுவும் போயிடும். அதை எப்படி ஒருத்தர் வெச்சிருக்கார்னு எழுதறது?"

"காத்தா? எங்க, காட்டு உன் விரல. காத்துல ஆடினா இப்டி வீங்குமா?"

ஜெயம்மா சிரித்துவிட்டாள். பச்சையப்பன் சிரிக்கவில்லை.

"நான் ஏத்திவுட்ட கரும்பு மில்லுக்குள்ள போனா அப்புறம் கரும்பா இருக்காது. சக்கரையாயி எவன் வூட்டு டீயிலயோ கரைஞ்சிப் போயிடும். அதுக்காக நான் சொமக்கலன்னு எழுதிடுவியா?"

"நான் மட்டும் சொன்னா ஆகாது நைனா. ஓட்டுப் போடுவாங்க."

"போட வெய்யி. போன மாசம் தாலுகா ஆபீஸ்ல ரேஷன் கார்ட வாங்கி அவன் பேர் மேல செவப்பு மையில ஒரு கோடு இழுத்தாங்க. ஓட்டர் லிஸ்ட்லயும் எடுத்தாச்சாம். எந்த லிஸ்ட்ட எடுத்தாலும் அடிக்கிற லிஸ்ட்டாதான் கீது. எழுதற லிஸ்ட்டுன்னு உன்னோடது ஒண்ணுதான் கீது தம்பி."

கணேஷ்ராம் சரியென்று எழுந்து போனான். காபியைக் குடிக்காமலே போனதை ஜெயம்மா அப்புறம்தான் பார்த்தாள்.

கணேஷ்ராம் சும்மா இருக்கவில்லை. அடுத்தடுத்த மாசங்களில் ஊருக்கு வரும்போதெல்லாம் கதை சொன்னான். முகம் தெரியாத ஆட்களோடு அவனுக்குச் சண்டையாம். போன் கேமைச் சேர்த்தால் குப்பை சேரும், நாளைக்கு ஒரு லட்சம் வரும், யார் எழுதுவது என்று ஒருத்தன் கேட்டானாம். சேர்க்காமல் விட்டால் பத்து வருஷத்தில் இப்படி ஒன்று இருந்ததே யாருக்கும் தெரியாது என்று இவன் எழுதினானாம். நீங்க சொன்ன சர்க்கரைக் கதையையும் எழுதினேன் நைனா என்றான். பச்சையப்பனுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

ஆவணிக் கடைசியில் முடிவு வந்தது. போன் கேம் சேரலாம். ஒரு நிபந்தனை: கேம் போனில் ஓடுகிறபோது முதல் திரையையும், பெயர் வருகிற கடைசித் திரையையும் போட்டோ எடுத்துக் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் ஒரு வரியும் ஏறாது. வேறொரு போனுக்கு அந்த கேமை அனுப்பிப் பார்த்தான் கணேஷ்ராம். பூட்டுப் போட்ட கேம், அனுப்ப முடியவில்லை. வடபழனிக் கம்பெனியையும் அதற்குள் மூடிவிட்டார்கள்.

"ஆயுத பூஜைக்கு லீவு. நல்ல கேமராவோட வரேன் நைனா. நீங்க ஆடுங்க, நான் எடுக்கறேன்."

பச்சையப்பன் அந்த ஒரு மாசமும் தினம் ஆடினான். ஆறாவது கட்டத்தின் ரயில்வே கேட் இப்போது அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. விரலுக்கு ஜெயம்மா நல்லெண்ணெய் தடவி விடுவாள். "புள்ள பேர நீ எழுதறதுக்குள்ள எனக்கு எண்ண தீந்துடும்" என்பாள்.

ஆயுத பூஜை அன்று காலையில் வீட்டைக் கழுவி, கரும்பு வெட்டுகிற கத்தியையும் மண்வெட்டியையும் அரிவாளையும் தேய்த்துக் கழுவிப் பலகையில் வைத்தார்கள். பச்சையப்பன் போனையும் கொண்டுவந்து வைத்தான். அவனுக்குக் கத்தி என்றால் பிள்ளைக்கு இதுதானே ஆயுதம். இதில் ஜெயம்மாவுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. கத்திக்கு எப்படியோ அப்படியே போனுக்கும் செய்தார்கள். மஞ்சள் தண்ணீரை மாவிலையால் மூன்று முறை தெளித்தார்கள். சந்தனத்தைக் குழைத்துத் திரைக்கு மேல் ஒரு பொட்டு, பொத்தான்களுக்கு நடுவில் ஒரு பொட்டு, அதன்மேல் குங்குமம். கற்பூரம் காட்டிக் கும்பிட்டு விழுந்தான். எழுந்திருக்க நேரமாயிற்று.

மத்தியானம் மூன்று மணிக்குக் கணேஷ்ராம் வந்தான். கழுத்தில் கேமரா.

"இன்னிக்குத் தொடக்கூடாதே தம்பி" என்றான் பச்சையப்பன். "பூஜையில வெச்சாச்சி. நாளைக்குக் காலைல எடுக்கலாம்."

மடைப்பள்ளிக் குடும்பத்துப் பிள்ளைக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அவன் வீட்டிலும் கரண்டியும் அண்டாவும் அன்றைக்குப் பொட்டோடுதான் இருந்தன. "ஆமா நைனா, நாளைக்கே எடுப்போம்" என்று பலகையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். பொத்தான்களின் இடுக்கில் சந்தனத் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்ததை இரண்டு பேருமே நின்று பார்த்தார்கள். நன்றாக அலங்காரம் செய்திருக்கிறது என்றுதான் பட்டது.

மறுநாள் காலை பச்சையப்பன் குளித்து, துணியால் பொட்டைத் துடைத்து, போனின் பொத்தானை அழுத்தினான். திரை வெள்ளையாக ஒரு தரம் மின்னியது. அவ்வளவுதான். சார்ஜரில் போட்டான். பேட்டரியைக் கழற்றினான். உள்ளே மஞ்சளாக ஈரம்.

கணேஷ்ராம் வந்து பார்த்துவிட்டு பைக்கில் அவனை ஏற்றிக்கொண்டு திருத்தணிக்குப் போனான். ஸ்டேஷன் ரோட்டில் பங்காருவின் செல்போன் ரிப்பேர் கடை. பங்காரு திறந்து மூக்கருகில் வைத்து முகர்ந்தான்.

"இன்னாங்க, போனுக்கு அபிஷேகம் பண்ணிகீறீங்க?"

யாரும் சிரிக்காததால் அவன் தலையைக் குனிந்துகொண்டு பிரஷ்ஷால் துடைத்தான், சூடு காட்டினான், கம்பி வைத்துப் பார்த்தான். ஒரு மணி நேரம் கழித்து, "போர்டு ஷார்ட் ஆயிட்ச்சிங்க. ஆன்ல விட்டுட்டே தண்ணி தெளிச்சிகீறீங்க. நேத்தே கொண்டாந்திருந்தா ஒருவேள பாத்திருக்கலாம்" என்றான்.

திரும்பும்போது மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தினான் கணேஷ்ராம். விஜயதசமிக் கூட்டம் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தது. இருவரும் ஓரத்துச் சுவரில் உட்கார்ந்தார்கள்.

"வேற எவன்கிட்டயாவது இருக்குமா அந்த கேமு?" என்றான் பச்சையப்பன்.

"எழுதிக் கேக்கறேன் நைனா." குரலில் நம்பிக்கை இல்லை.

"போட்டோ இல்லாம எழுதக்கூடாதா? நான் கண்ணால பாத்தேன். ஜெயம்மா பாத்தா."

"எழுதினா மத்தவா அழிச்சிடுவா நைனா."

பச்சையப்பன் தலையை ஆட்டினான். இன்னொரு கோடு. "தப்பு எம்மேலதான். நான்தான் தண்ணி தெளிச்சேன்."

"இல்ல நைனா." கணேஷ்ராம் கேமராவின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் முறுக்கினான். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி குமரேசனே கேட்டான். வடபழனிலேர்ந்து போன் பண்ணான். லோடு வண்டி வெளில வந்துடுச்சிடா, போன் கேம் சேக்கறதப் பத்தி ஓட்டு வருதாமே, வேணும்னு போடுடான்னான். அப்ப பத்தொன்பது பேர் வேணாம்னு போட்டா. பதினேழு பேர் வேணும்னு போட்டா." நிறுத்தினான். "நான் வேணாம்னு போட்டேன். அலமாரில வைக்க முடியாததெல்லாம் கேமான்னு எனக்கு ஒரு திமிர். மாத்திப் போட்டிருந்தா சமமா வந்திருக்கும். மறுபடி பேசியிருப்பா. சேந்திருந்தா அவனே போட்டோ எல்லாம் எடுத்துப் போட்டிருப்பான்."

படியில் ஒரு கூட்டம் அரோகரா சொல்லிக் கடந்தது.

"எப்டி போட்டேன்னு உன்ன கேட்டானா?"

"கேட்டான். வேணும்னுதான் போட்டேன்னு சொன்னேன்."

"நம்பினானா?"

"தேங்க்ஸ்டான்னு சொன்னான்."

பச்சையப்பன் மடியிலிருந்த போனை எடுத்துப் பார்த்தான். அதைத் தூக்கிப் போடவோ இவனை அடிக்கவோ கை வரவில்லை. அடிப்பதற்கு வேண்டிய கோபம் எங்கோ வயிற்றின் அடியில் இருந்தது. மேலே ஏற மாட்டேன் என்றது.

"இந்த வாட்டி வேணும்னுதான் போட்டேன் நைனா. சண்டை போட்டு ஜெயிச்சேனே. நீங்க வேற என்ன சொன்னாலும் செய்யறேன்."

"இந்த வாட்டி எனக்காகப் போட்ட. நான் கேட்டேன், நீ குடுத்த. அது தீந்துபோச்சி." பச்சையப்பன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "அவன் உயிரோட இருந்து உன்கிட்ட கேட்டது ஒரே ஒரு ஓட்டு. அத நீ குமரேசனுக்குத் தரணும். இன்னும் தரல."