வேலம்மாளின் வண்டிவீடு

1980ஆம் வருஷம் ஜூன் மாதம் இருபத்தொன்பதாம் தேதி மாலை ஏழேகால் மணிக்கு, டெல்லியில் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்பில் வேலம்மாளின் வண்டிவீடு தரையைவிட்டு முக்கால் முழம் மேலே எழும்பியது. அன்றைக்கு ரேஷன் கடையில் சர்க்கரை வரவில்லை. கேம்பை ஒட்டி ஓடும் பாராபுல்லா நாலா என்கிற சாக்கடைக் கால்வாயில் தண்ணீர் முழங்கால் அளவு. வண்டிக்குள் வேலம்மாளின் புருஷன் மூக்கன் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் மட்டும் எழும்பவில்லை.

நடந்ததை நடந்தபடி சொல்ல இரண்டு வருஷம் பின்னால் போக வேண்டும். ஜங்புராவில் வேலம்மாள் பாத்திரம் தேய்த்த வீட்டின் மாடியில் ஒரு ஜெர்மன் தம்பதி குடியிருந்தார்கள். தங்கள் ஊரிலிருந்து தரைவழியாகவே வண்டி ஓட்டி வந்தவர்கள். வண்டி வெளியே தகரம், உள்ளே மரம். கட்டில், அலமாரி, அடுப்பு மேடை எல்லாம் ப்ளைவுட். டெல்லி எல்லையைத் தொட்டதும் எஞ்சின் உயிரை விட்டது. அந்தத் தம்பதியும் வயிற்றுப்போக்கில் ஏறக்குறைய அதே வழியில் போகப் பார்த்தார்கள். வேலம்மாள்தான் பத்து நாள் கஞ்சியும் ரசமும் கொடுத்துத் தேற்றினாள். விமானம் ஏறப் போகிற அன்று வண்டிச் சாவியை அவள் கையில் வைத்துவிட்டுப் போனார்கள். கேம்புக்காரர்கள் எருமைகளைப் பூட்டி வண்டியை இழுத்து வந்தார்கள். சாக்கும் தார்ப்பாயும் தொங்கிய குடிசைகளுக்கு நடுவே, பூட்டுகிற கதவு அது ஒன்றுதான். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்த வேலம்மாள் பிறந்தது முதல் பூட்டுகிற கதவுக்குப் பின்னால் படுத்ததே இல்லை. அந்த ஆசையில் தண்ணீர் பிடிக்கப் போனாலும் பூட்டிவிட்டுப் போனாள், மூக்கன் உள்ளே இருந்தாலும்.

வண்டி செய்த ஜெர்மானியர்கள் பனியை யோசித்திருப்பார்கள், காற்றை யோசித்திருப்பார்கள், இட்லியை யோசிக்கவில்லை. டெல்லிக் குளிரில் கதவைச் சாத்திக்கொண்டு விடியற்காலையில் வேலம்மாள் ஆறு ஈடு இட்லி வேகவைத்து கேம்பில் விற்றாள். ஆவி போக வழியில்லாமல் சுவரெல்லாம் வேர்த்தது. கூரை விளிம்பில் ரப்பர் காய்ந்து வெடித்திருந்ததால் மழையும் தன் பங்குக்கு உள்ளே வந்தது. ப்ளைவுட் பூரி மாதிரி உப்பியது. அலமாரியில் காளான் முளைத்தது, குழம்பு வைத்தார்கள். கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடியேறும் என்பார்கள். இங்கே வேலம்மாள் வீடெடுக்கக் கரையான் குடியேறியது. இட்லி ஆவியில் வளர்ந்த கரையான் என்பதால் ஒவ்வொன்றும் உளுந்து பருமன் இருந்தது. ஆனால் மரியாதை தெரிந்தவை. மூக்கன் தூங்கிக்கொண்டிருந்த கட்டிலை முழுசாகத் தின்று, அவனை அலுங்காமல் தரையில் இறக்கி வைத்தன. மூன்று நாள் கழித்துத்தான் அவனுக்குத் தெரிந்தது.

வேலம்மாள் மண்ணெண்ணெய் ஊற்றினாள், வேப்பெண்ணெய் தடவினாள், சுண்ணாம்பு அடித்தாள். மண்ணெண்ணெய்க்கு இரண்டு நாள் தும்மியதைத் தவிர கரையானுக்கு ஒரு குறையும் வரவில்லை. கடைசியில் பக்கத்துப் போகல் கடைவீதியில் தச்சுவேலை செய்யும் அந்தோணியைக் கூட்டிவந்தாள். அவன் உளிப்பிடியால் சுவரைத் தட்டிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டு, கொண்டுவந்த மருந்துப் பொட்டலத்தைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டான்.

“அக்கா, இதுல பலகையே கெடையாது. பூச்சிங்கதான் செவுரா நிக்குது. மருந்தடிச்சா வூடு உக்காந்துடும்” என்றான்.

அடிக்காவிட்டாலோ, தின்ன ஒன்றும் இல்லாமல் அவை வேறிடம் போய்விடும், அப்போதும் வீடு உட்கார்ந்துவிடும். இது போதாதென்று, பட்ட காலிலே படும் என்கிற கணக்காக, ஜூன் மாதம் ஒரு நோட்டீஸ் வந்தது. நாலாவை அகலப்படுத்தப் போகிறார்கள், கரையில் நிற்கும் வண்டி வாகனங்களை ஜூலை முதல் தேதிக்குள் எடுக்காவிட்டால் கிரேன் வைத்துத் தூக்கிக் காயலான் கடையில் போட்டுவிடுவார்கள். சக்கரங்கள் சேற்றில் அச்சுவரை புதைந்திருந்தன. இருபது பேர் தள்ளியும் வண்டி நகரவில்லை. எதிர்க்கரையில் கிரேனே வந்து நின்றுவிட்டது, நெற்றியில் பெரிய விளக்கோடு.

இருபத்தொன்பதாம் தேதி மத்தியானம் பருவத்தின் முதல் மழை கொட்டி ஓய்ந்தது. இருட்டுகிற நேரத்தில் சுவர்களுக்கு இறகு முளைத்தது. முதல் மழைக்குக் கரையான் ஈசலாவது உலக வழக்கம். இவை வெளியே பறந்து போகாமல் நின்ற இடத்திலேயே நின்றபடி இறகடித்தன. சேறு ‘பொளக்’கென்று விட்டுக்கொடுத்தது. வண்டி எழும்பி, நேராகக் கிரேன் விளக்கைப் பார்த்துப் போக ஆரம்பித்தது. பூட்டுக் கதவும் புருஷனும் தாமாகவே காயலான் கடைக்குப் போவதை வேலம்மாள் பார்த்தாள். ஆனால் விளக்கு வைத்து ஈசல் பிடிப்பது அவள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரிந்த வேலை. இட்லிக் கடைக்கு வைத்திருந்த பெட்ரோமாக்ஸை நன்றாகப் பம்பு அடித்துத் தூக்கிக்கொண்டு ஓடி வண்டிக்கு முன்னால் காட்டினாள். வண்டி கொஞ்சம் யோசித்தது. பிறகு திரும்பியது. அவள் பின்பக்கமாகவே நடந்து, நாலாவோரச் சந்துகளைக் கடந்து, போகல் மரக்கடைகளுக்குப் பின்னாலிருந்த பொட்டலில், தண்ணீர்க் குழாய்க்குப் பத்தடி தள்ளி விளக்கைக் கீழே வைத்தாள். வண்டி இறங்கியது. அவள் பூட்டைத் திறந்ததும் மூக்கன் ஒன்றுக்குப் போக வெளியே வந்து, நாலா எங்கே போயிற்று என்று கேட்டான்.

மறுநாள் இரண்டு சாக்கு இறகு கூட்டி அள்ளினாள். இறகு உதிர்ந்தவை பழையபடி சுவராக நின்றன. கொஞ்சத்தை அரிசியோடு வறுத்தால் நன்றாயிருக்கும் என்று மூக்கன் மெல்ல ஆரம்பித்தான்.

“வூட்டத் தூக்கியாந்ததுங்கள வறுத்துத் திம்பியா நீ?” என்றாள் வேலம்மாள்.

முதல் தேதி கிரேனோடு வந்தவர்கள் காலி இடத்தைப் பார்த்து, வாகனம் அகற்றப்பட்டது என்று எழுதிக்கொண்டு டீ குடிக்கப் போனார்கள். பொட்டலுக்கும் பிறகு நோட்டீஸ் வந்தது, அடுத்த இடத்துக்கும் வந்தது. நோட்டீஸ் வந்தால் வேலம்மாள் மழைக்குக் காத்திருப்பாள். ஆசிய விளையாட்டுக்காகச் சாலை போட்ட வருஷம் மதுரா ரோட்டையே கடந்தார்கள். மாடு கடந்தால் நிறுத்துகிற மாதிரி போலீஸ்காரர் பஸ்களை நிறுத்திக் கொடுத்தார். அந்தோணி வருஷம் தவறாமல் கடையில் மிஞ்சிய பலகைத் துண்டுகளை வண்டிக்குள் தீனியாகப் போட்டுவிட்டுப் போவான். வேலம்மாள் இப்போதும் கதவைச் சாத்திக்கொண்டுதான் இட்லி வேகவைக்கிறாள். விற்பதற்கு ஆறு ஈடு, சுவருக்கு ஒன்று. வெளியே கிளம்பும்போது சுவர் நன்றாக வேர்த்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுக் கதவைப் பூட்டுகிறாள்.