கன்னத்தில் கால் வைத்த யானை

கோயில் திருவிழாவுக்கு வந்த என் மச்சான் ஜேக்கப்பைப் பார்த்து, "கறி கொதிக்கிற வாசம் தருமபுரி வரைக்கும் வந்துருச்சா மச்சான்?" என்று கேட்டேன். கேட்டது அவ்வளவுதான். போட்ட இலையில் கை வைக்காமல் எழுந்து போய் பஸ் ஏறிவிட்டான். அன்றிலிருந்து என் வீட்டுக்காரி லூர்து மேரி என்னோடு பேசுவதில்லை. தம்பியைச் சொன்னால் ஆகாது அவளுக்கு. களியை வட்டிலில் வைப்பாள், குழம்பை ஊற்றுவாள், போய்விடுவாள். எருமைக்குக்கூட நாலு வார்த்தை கிடைத்தது, எனக்கு இல்லை.

பேத்தி பிளசி ஒன்றாம் வகுப்பு. அவள் டீச்சர் ஒரு படப் புத்தகம் கொடுத்து அனுப்பியிருந்தது. அடுத்தவர் மனசு என்ன பாடுபடுகிறது என்று பிள்ளைகள் படம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். அதற்கு எதுக்குப் புத்தகம்? என் வேலியை எப்படி நகர்த்தலாம் என்பதுதான் அடுத்தவன் மனசில் இருக்கும். படிக்காமலே எனக்குத் தெரியும்.

ஒருநாள் காலையில் வட்டிலுக்குப் பக்கத்தில் அந்தப் புத்தகம் விரித்துக் கிடந்தது. யானைக்குட்டி ஒன்று முன்னங்காலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கண்ணீர் விடுகிறது.

"ஆயாதான் உனக்குக் காட்டச் சொல்லிச்சு தாத்தா," என்றாள் பிளசி. பாட்டியை அவள் ஆயா என்றுதான் கூப்பிடுவாள்.

எங்கள் பென்னாகரம் பக்கம் யானை வந்தால் ராகிக் காட்டைத் தின்று மிதித்துவிட்டுப் போகும். இப்படி உட்கார்ந்து அழுது நான் பார்த்ததில்லை. ஆனாலும் சேதி புரிந்தது. லூர்து மேரி வாய் திறக்காதது கோபத்தால் இல்லை, பல்லு வலி. உடனே மருந்துக் கடைக்குப் போய்க் கிராம்புத் தைலம் வாங்கி வந்து அவள் முன்னால் வைத்தேன்.

தைலத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சிரிப்பா அழுகையா, தெரியவில்லை.

பிளசிதான் என்னை உட்காரவைத்து விரல் வைத்து வாசித்துக் காட்டினாள். குட்டி கரும்பு தின்ன வந்ததாம். பெரிய யானை ஒன்று கேலி பேசிவிட்டதாம். அதற்குத்தான் அழுகையாம். கடைசிப் பக்கத்தில் பெரிய யானை கரும்புக் கட்டோடு குட்டியின் வாசலில் நிற்கிறது.

"இந்தக் குண்டு யானை நீதானாம், ஆயா சொல்லிச்சு."

நான் எங்கே குண்டு?

மறுநாள் ஆட்டுக்கறி வாங்கிக்கொண்டு, புத்தகத்தையும் பையில் போட்டுக்கொண்டு தருமபுரிக்குப் போனேன். ஜேக்கப் கதவைத் திறந்தான். வா என்று சொல்லவில்லை. தப்புத்தான் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. குட்டி அழுகிற பக்கத்தை விரித்து நீட்டினேன். உற்றுப் பார்த்தான். முகம் மாறிப்போனது.

"யாருக்கு மாமா பல்லு வலி? அக்காவுக்கா?"

பதில் சொல்வதற்குள் அக்காவுக்குப் போன் போட்டுவிட்டான். அங்கே அவள் சிரித்தது வாசல் வரைக்கும் கேட்டது. இவனும் சிரித்துக்கொண்டே போனை என் காதில் வைத்தான்.

"பேசாம சாப்பிட்டுட்டு வாங்க," என்றாள்.

சாப்பிட்டேன். குழம்பில் உப்புக் குறைச்சல். சொல்லவில்லை.